கார் இரவில் எங்கே தூங்கும்?

“அம்மா, வண்டி கிளம்ப மாட்டேங்குதுங்கம்மா. குழந்தைக்கு மூச்சு இழுக்குது...”

சென்ற தை மாதம் ஒரு நாள், விடியற்காலை ஐந்தே கால் மணிக்கு ஊட்டியிலிருந்து என் மகள் போனில் சொன்ன வார்த்தைகள் இவை. வடவள்ளியில் அடுப்பில் காபிக்குப் பால் வைத்துக் கொண்டிருந்த எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாங்கள் எப்படித்தான் விரைந்தாலும் மலையேறிப் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆகும். பேரனுக்கு அப்போது ஐந்தே மாதம்.

“வெசனப்படாத கண்ணு, பக்கத்துல யாரையாச்சும் எழுப்பு” என்றேன். எதிர் வீட்டில் காய்கறி வியாபாரம் செய்பவர், மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காரட் மூட்டை ஏற்றிக் கிளம்பத் தயாராக நின்றிருந்தார். மூட்டைகளுக்கு முன்னால் அந்த வண்டியில் உட்கார்ந்துதான் என் மகள் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். மருந்துப் புகை பிடித்ததும் குழந்தைக்கு மூச்சு சீரானது. பகல் பன்னிரண்டு மணிக்குச் சிரித்து விளையாடினான். அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்க வேண்டும்.

மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, “பேட்டரிக்கு வயசாயிடுச்சுங்க. குளிர்ல அதுக்குப் பாதி பலம்தான்” என்றாராம். வண்டிக்கே பன்னிரண்டு வயது. ஊட்டியில் மார்கழி, தை மாதங்களில் தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் போன்ற பள்ளமான இடங்களில் புல்லெல்லாம் உப்புத் தூவினாற் போல் உறைபனி படரும். சில நாள் வெப்பமானி பூஜ்யத்துக்கு வந்து நிற்கும். என் மகள் அங்கே ஒரு பள்ளியில் ஆசிரியை. மாப்பிள்ளை பாதி நாள் வேலையாக வெளியூர் போகிறவர். காலையில் குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போக அவளுக்கு வண்டியை விட்டால் வேறு வழியில்லை.

புது வண்டி வாங்குவது என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. மாப்பிள்ளை பாங்கில் கடன் போடுவதாகச் சொன்னார். முன்பணத்துக்கு, நான் ஐந்து வருடமாக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த சீட்டுப் பணம் மூன்று லட்சம் இருந்தது. எந்த வண்டி என்பதில்தான் எங்கள் வீட்டில் ஒரு மகாபாரதமே நடந்தது.

என் கணவர் பம்ப் பட்டறை வைத்திருக்கிறார். “பெட்ரோலும் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் வண்டிதான் மலைக்குச் சரி” என்பது அவர் கட்சி. இன்ஜினீயரிங் கடைசி வருடம் படிக்கும் சின்னவன், “பிளக்கில் சார்ஜ் போடற மின்சாரக் கார்தானுங்கப்பா வாங்கணும்” என்று ஒற்றைக் காலில் நின்றான். “1937லேயே நாட்டின் முதல் மின் மோட்டாரைச் செஞ்ச ஊருங்க இது. 2008ல் ஹேமலதா அண்ணாமலை என்கிற அம்மா இதே கோயமுத்தூரில் ஆம்பியர் கம்பெனி ஆரம்பிச்சு மின்சார ஸ்கூட்டர் செஞ்சாங்க. மோட்டார் விக்கிற நீங்களே மோட்டார் காரை வேண்டாங்கறீங்களே!” என்று அப்பாவை மடக்கினான்.

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். இருவரும் பேசுவதில் பாதி புரியவில்லை. போடுகிற பணத்தில் ஒரு பங்கு என்னுடையது ஆயிற்றே, புரியாமல் எப்படித் தலையாட்டுவது? கணக்கு நோட்டை எடுத்துக் கொண்டு உட்கார்ந்து, “எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க” என்றேன். அன்று நான் எழுதிக் கொண்டதை இங்கே தருகிறேன். உங்களுக்கும் என்றைக்காவது உதவும்.

நம் வீட்டுக் கரண்டு பில்லில் யூனிட் என்று போடுகிறார்களே, காரின் பேட்டரிக்கும் அதே அளவுதான். ஹைபிரிட் காரில் பெட்ரோல் இன்ஜினும் உண்டு, மோட்டாரும் உண்டு. அதன் பேட்டரி ரொம்பச் சின்னது. பிரேக் போடும்போதும் சரிவில் இறங்கும்போதும் வீணாகப் போகிற சக்தியை அதில் சேர்த்து வைத்து, உடனுக்குடன் செலவு செய்துவிடும். இடுப்பில் செருகிய சுருக்குப் பை மாதிரி. இதற்குப் பிளக் கிடையாது. பெட்ரோல் போட்டால் போதும்.

மின்சாரக் காரில் இன்ஜினே இல்லை. பேட்டரிதான் பீரோ. நெக்ஸான் மின்சாரக் கார் 2020ல் வந்தபோது 30 யூனிட் பிடித்தது. இப்போது 45 யூனிட் வரை வந்திருக்கிறது. வீட்டில் கீசருக்குப் போடுகிற 15 ஆம்பியர் பிளக்கிலேயே சார்ஜ் செய்யலாம். ஆனால் காலியான பீரோ நிறைய ஓர் இரவுக்கு மேலும் ஆகும்.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. பெட்ரோலும் போடலாம், பிளக்கிலும் சொருகலாம். குளிர் நாடுகளில் இதைப் பலர் விரும்புகிறார்கள். நம் நாட்டிலோ அநேகமாக விலை உயர்ந்த வண்டிகளில்தான் வருகிறது. நமக்கு எட்டாக் கனி என்று அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன்.

சரி, குளிரில் என்ன ஆகும்? இதை என் கணவர் அழகாகச் சொன்னார். “எங்க ஆத்தா விறகடுப்புல சோறாக்கும்போது, பக்கத்துக் கொடியடுப்புல தண்ணி தானா காயுமில்ல? பெட்ரோல் இன்ஜினும் அப்படித்தான். ஓடற சூட்டுலயே ஹீட்டருக்கும் வெந்நி கெடைச்சுடும். மின்சாரக் கார்ல அடுப்பே இல்ல. உள்ளே கதகதப்பு வேணும்னா பீரோவுலிருந்துதான் கரண்டு எடுக்கணும்.” குளிரில் பேட்டரியும் சோம்பிப் போகும், சார்ஜ் ஏறுவதும் தாமதமாகும்.

சின்னவன் விடுவானா? “நார்வே நாட்டுல ஊட்டியை விடப் பல மடங்கு குளிருங்கப்பா. 2024ல அங்கே வித்த புதுக் கார்ல நூத்துக்கு ஏறத்தாழ 89 மின்சாரக் கார்தான்” என்றான். அவரும் சளைக்கவில்லை. “அதே 2024 ஜனவரியில அமெரிக்காவுல சிகாகோ ஊர்ல கடுங்குளிர்ல மின்சாரக் காரெல்லாம் சார்ஜ் போடற எடத்துல வரிசையா நின்னு போச்சே, அது?” என்றார்.

நான் நோட்டில் இரண்டையும் எழுதிக் கொண்டேன். குளிர் இரண்டு ஊரிலும் இருக்கிறது. அங்கே ஓடுகிறது, இங்கே ஏன் நின்றது? இந்தக் கேள்வி மனசில் குடைந்து கொண்டே இருந்தது.

வாய்ப்பேச்சு எதற்கு என்று என் தம்பியைக் கேட்டேன். அவனிடம் 40 யூனிட்டுக்குச் சற்று மேல் பிடிக்கிற மின்சாரக் கார் இருக்கிறது. தை முடிவதற்குள் ஒரு சனிக்கிழமை, நானும் சின்னவனும் தம்பியும் அதில் ஊட்டிக்குக் கிளம்பினோம். கணக்கு நோட்டு என் மடியில்.

வடவள்ளியில் 100 என்று காட்டியது. மேட்டுப்பாளையத்தில் 88. கல்லாறு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும், எண்கள் மளமளவென்று இறங்கத் தொடங்கின. எனக்கு வயிற்றைக் கலக்கியது. குன்னூரில் 58. ஊட்டிக்குப் போய் நின்றபோது 47. கோயமுத்தூர் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். “இவ்வளவு பெரிய வண்டியையும் நம்ம மூணு பேரையும் இத்தனை உசரம் தூக்கறதுக்கே பத்து யூனிட் கிட்ட வேணுங்க அக்கா. கிணத்துல தண்ணி சேந்தற மாதிரித்தான்” என்றான் தம்பி.

இரவு கார் ரோட்டோரம் பனியில் நின்றது. காலை ஆறரை மணிக்குப் பார்த்தால் கண்ணாடி மேல் வெள்ளை வெளேரென்று பனி. ஹீட்டரைப் போட்டுக் கால் மணி நேரம் உள்ளே உட்கார்ந்தோம். இரவில் பார்த்த 47, கிளம்பும்போது 45 ஆகியிருந்தது. பயந்த அளவுக்கு இல்லை. நார்வேயில் வண்டி பிளக்கில் இருக்கும்போதே உள்ளே சூடாக்கிக் கொள்வார்களாம். வீட்டுக் கரண்டில் ஆகிற காரியம், பேட்டரியில் கை வைப்பதில்லை.

இறங்கும்போது எனக்கு ஆச்சரியம்! குன்னூர் வரை இறங்கிய எண், பர்லியாறு தாண்டும்போது மெல்ல ஏறியது. மேட்டுப்பாளையத்தில் 46! ஊட்டியில் கிளம்பியதை விட ஒன்று அதிகம். வீட்டுக்கு வந்தபோது 35 மீதி. “பாத்தீங்களாம்மா?” என்று சின்னவன் துள்ளிக் குதித்தான். குளிரைப் பற்றிய என் பயம் முக்கால்வாசி அன்றைக்கே போய்விட்டது. மின்சாரக் கார்தான் என்று என் மனசும் சாய்ந்துவிட்டது.

ஆனால் முந்தின நாள் இரவு நடந்த ஒன்றை நான் இன்னும் சொல்லவில்லை.

பேரனைத் தூங்க வைத்துவிட்டு, கணப்புச் சட்டி இல்லாத அந்தச் சின்ன வீட்டில் கம்பளியைப் போர்த்திக் கொண்டு நானும் மகளும் உட்கார்ந்திருந்தோம். நான் என் நோட்டைக் காட்டி யூனிட், ஹீட்டர், நார்வே என்று அளந்து கொண்டிருந்தேன். அவள் பேசாமல் கேட்டாள். பிறகு மெதுவாக, “ஏனுங்கம்மா, ஒரு மாசமா நீங்க எல்லாரும் பேசறீங்க. ஓட்டப் போறது நான். என்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கலையேம்மா” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. வீட்டில் ஆண்கள் நம்மைக் கேட்பதில்லை என்று நாம் குறைப்படுகிறோம். நானும் என் மகளுக்கு அதைத்தானே செய்தேன்!

“சொல்லு சாமி, கேக்கறேன்” என்று நோட்டில் புதுப் பக்கம் புரட்டினேன்.

“வாடகை வீடும்மா இது. ரோட்டுலிருந்து 42 படி எறங்கி வரணும். குழந்தை ஒரு கையில, பை ஒரு கையில. வண்டி மேலே ரோட்டுலதான் நிக்கும். அங்கே பிளக்குக்கு எங்கே போறது? வீட்டுக்காரர்கிட்ட ஒயர் இழுத்துக்கலாமான்னு கேட்டாச்சு, முடியாதுன்னுட்டார். ஊர்ல சார்ஜ் போடற எடம் இருக்குதுதான். பள்ளிக்கூடம் விட்டுக் கைக்குழந்தையோட அங்கே போய் ஒரு மணி நேரம் நிக்கறதா? சீசன் கூட்டத்துல கேக்கவே வேண்டாம். ஆடி மாச மழையில மரம் விழுந்தா ஒரு நாள், ரெண்டு நாள் கரண்டே இருக்காது. அடுத்த வருஷம் எந்த வீட்டுக்குப் போவோமோ, அதுவும் தெரியாது.”

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: “தம்பி சொல்ற வண்டி எனக்கும் ஆசைதாம்மா. சத்தமே இல்ல, குழந்தை அழகா தூங்குவான். சொந்த வீடும் வாசல்ல பிளக்கும் இருந்தா அதைத்தான் வாங்குவேன்.”

என் மனசில் குடைந்த கேள்விக்கு அப்போதுதான் விடை கிடைத்தது. நார்வேயில் பெரும்பாலோர் வண்டியை இரவில் வீட்டிலேயே பிளக்கில் சொருகிவிட்டுத் தூங்கப் போகிறார்கள். சிகாகோவில் நின்றுபோனவர்களில் பலர் பொது இடத்துச் சார்ஜையே நம்பிப் போனவர்கள். குளிர் எல்லோருக்கும் ஒன்றுதான். கார் இரவில் எங்கே தூங்குகிறது என்பதில்தான் வித்தியாசம்!

மறு நாள் காலையில் சார்ஜ் 45 இருந்ததைக் கண்டு நான் சந்தோஷப்பட்டேன் என்றேனே, அது கோயமுத்தூர்க்காரியின் சந்தோஷம். எங்கள் கார் வீட்டுக்குத் திரும்பி வந்து போர்ட்டிகோவில் பிளக்கில் சொருகிக் கொண்டு தூங்கும். என் மகளின் கார் தினமும் அந்த 45லேயே பனியில் நிற்க வேண்டும். அடுத்த சார்ஜுக்கு அவள் ஓட வேண்டும். நடு இரவில் குழந்தைக்கு மறுபடி மூச்சு இழுத்தால், பேட்டரியில் எத்தனை இருக்கிறது என்று பார்த்துக் கொண்டு நிற்க முடியுமா?

வீட்டுக்கு வந்து நோட்டை மேஜை மேல் வைத்தேன். “அவ கேட்டது இதுதான்” என்று படித்துக் காட்டினேன். சின்னவனுக்கு முகம் வாடிப் போயிற்று. இருந்தாலும் அவனே, “அக்கா சொல்றது நியாயந்தானுங்கம்மா” என்றான். என் கணவருக்குத் தாம் ஜெயித்ததில் சந்தோஷம். “நீங்க சொன்னதுக்காக இல்லைங்க. மலைக்கு ஹைபிரிட்னு நீங்க சொன்னீங்க. மலையை மின்சாரக் காரும் ஜோராத்தான் ஏறுச்சு. 42 படிக்காகத்தான் ஹைபிரிட்” என்றேன். அவரும் சிரித்துவிட்டார்.

சித்திரையில் வண்டி வந்தது. கடையில் ஒரு விஷயம் கற்றுக் கொண்டேன். ‘ஹைபிரிட்’ என்று பெயர் போட்டதெல்லாம் ஹைபிரிட் ஆகாது. ‘மைல்டு ஹைபிரிட்’ என்பதில் மோட்டார் இன்ஜினுக்கு ஒத்தாசைதான் செய்யும், தனியாக வண்டியை நகர்த்தாது. ‘ஸ்ட்ராங் ஹைபிரிட்’ என்று கேட்டு வாங்க வேண்டும். 2022ல் வந்த கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் இரண்டிலுமே இந்த இரண்டு வகையும் உண்டு.

வரிக் கணக்கில் ஹைபிரிட்டுக்குத்தான் நஷ்டம். மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், நாங்கள் வாங்கிய அளவு ஹைபிரிட்டுக்கோ அதைப் போலப் பல மடங்கு. ஓட்டும் செலவிலும் மின்சாரக் கார்தான் சிக்கனம். எல்லாம் தெரிந்துதான் வாங்கினோம்.

இந்த மார்கழியை அந்த வண்டி தாண்டிவிட்டது. ஒரு நாள் கூடக் கிளம்பாமல் நிற்கவில்லை. ஆனால் லிட்டருக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர் என்று சோதனைக் கணக்கில் சொன்னது ஊட்டிக் குளிரில் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடம் நாலு கிலோமீட்டர்தான். இன்ஜின் சூடாவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது. சூடேறும் வரை பெட்ரோலைக் குடிக்கத்தான் செய்கிறது. அங்கே 15, 16தான் வருகிறது. கோயமுத்தூர் வந்து திரும்பினால் 20க்கு மேல் கிடைக்கிறது. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டுமல்லவா?

எங்கள் வீட்டுப் பழைய காரை மாற்றும்போது மின்சாரக் கார்தான் என்று சின்னவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். எங்களுக்குச் சொந்த வீடு, சொந்தப் பிளக். அவன் இப்போதே அதற்கென்று என்னை ஒரு புதுச் சீட்டுக் கட்ட வைத்துவிட்டான்!

சகோதரிகளே, மலையில் வாழ்க்கைப்பட்ட பெண்ணோ, குளிர் தேசத்தில் குடித்தனம் நடத்தும் பிள்ளையோ உங்களுக்கும் இருக்கலாம். வண்டி வாங்கும் பேச்சு வந்தால், என் நோட்டிலிருந்து இந்தச் சில குறிப்புகள்:

1. கார் இரவில் நிற்கும் இடத்தில் பிளக் உண்டா, அது நம் மீட்டரில் உள்ளதா என்று முதலில் பாருங்கள். உண்டு என்றால் மின்சாரக் காரைத் தைரியமாக யோசிக்கலாம். நம் ஊரில் யூனிட் கூடக் கூடக் கட்டணப் படியும் ஏறும். எனவே சார்ஜுக்கு என்ன இணைப்பு, என்ன கட்டணம் என்று மின்வாரிய அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டுக் கொள்ளுங்கள்.

2. கம்பெனி சொல்லும் தூரத்தை அப்படியே நம்பிப் பிரயாணம் வைக்காதீர்கள். மலை ஏற்றத்துக்கும் ஹீட்டருக்கும் தாராளமாகக் கழித்துக் கொள்ளுங்கள்.

3. மலை உச்சியில் குடியிருப்பவர்கள் மின்சாரக் காரை 100 வரை நிரப்பிக் கொண்டு இறங்க வேண்டாம். நிறைந்த குடத்தில் மேலும் தண்ணீர் ஊற்ற முடியாது. சரிவில் கிடைக்கும் சக்தி வீணாகும், பிரேக்குக்கும் வேலை கூடும்.

4. ஹைபிரிட்டோ, மின்சாரமோ, இரண்டிலும் 12 வோல்ட் சின்னப் பேட்டரி ஒன்று தனியாக இருக்கும். அது செத்தால் எந்த வண்டியும் கண் திறக்காது. ஐப்பசியிலேயே அதைச் சோதித்து விடுங்கள். குளிரில் டயர் காற்றும் குறையும்.

5. கண்ணாடியில் பனி படிந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். ஹீட்டர் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிப் பொறுமையாக இருங்கள்.

6. பெட்ரோலோ ஹைபிரிட்டோ, மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓட விடாதீர்கள். குளிருக்காகக் கண்ணாடிகளை ஏற்றி, இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கவே கூடாது. வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடித்துவிடும். அடைத்த அறையில் கரிக் கணப்பு வைத்துத் தூங்குவதும் இதே ஆபத்துதான்.

7. கைக்குழந்தையைப் பின் சீட்டில் குழந்தைக்கான இருக்கையில் வைத்துப் பெல்ட் போடுங்கள். கனத்த கம்பளிச் சட்டைக்கு மேல் பெல்ட் போட்டால் அது தளர்ந்து நிற்கும். மெல்லிய சட்டையோடு பெல்ட்டைப் போட்டுவிட்டு, மேலே போர்வை போர்த்துங்கள்.

எட்டாவதாக ஒன்று. வண்டியை யார் ஓட்டப் போகிறாரோ அவரிடம் கேளுங்கள். எனக்கு மூன்று லட்ச ரூபாய்ச் சீட்டைச் சேர்க்கத் தெரிந்தது. இதைத் தெரிந்து கொள்ள என் மகள்தான் சொல்ல வேண்டியிருந்தது.

போன வாரம் மகள் போன் செய்தாள். அதே விடியற்காலை நேரம். நெஞ்சு திக்கென்றது. “ஒண்ணுமில்லைங்கம்மா, இன்னைக்கு நல்ல பனி. வண்டி கிளம்பியாச்சு, உங்க பேரன் உள்ளே தூங்கறான். சும்மா சொல்லலாம்னு கூப்பிட்டேன்” என்றாள்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அன்றைக்கு அதற்காக நான் கோபித்துக் கொள்ளவில்லை.